எழுந்து நின்றதால் போன அட்டை

மூன்று வயதில் என் இடது காலை இளம்பிள்ளைவாதம் எடுத்துக்கொண்டது. தொடையிலிருந்து சப்பாத்து வரை இறங்கும் இரும்புக் கலிப்பர்தான் அன்று முதல் அந்தக் காலை நடத்தி வருகிறது. முழங்காலின் இருபுறமும் அதற்கு இரண்டு வளையங்கள் உண்டு. அவற்றைக் கீழே இறக்கினால் கால் தடிபோல் நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும். மேலே உயர்த்தினால் மடங்கும். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வாரத்தில் நான்கு நாள் நானே கார் ஓட்டிச் செல்கிறேன். கியர் மாற்றத் தேவையற்ற கார் அது. அதில் இடது காலுக்கு வேலை எதுவும் இல்லை; அது வெறும் பயணி.

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் தொழில். அச்சக வாசலில், சக்கர நாற்காலியின் படம் வரைந்த தரிப்பிடம் ஒன்று உண்டு. முன்கண்ணாடியில் மாற்றுத்திறனாளிக்கான அனுமதி அட்டை இருந்தால் அங்கே காரை நிறுத்தலாம். கதவை முழுவதும் திறந்து, காலைக் கையால் தூக்கி வெளியே வைத்து, வளையங்களைப் பூட்டி எழுவதற்கு அந்த அகலம் வேண்டும். அங்கிருந்து என் மேசைக்கு இருபத்தொரு அடி. அட்டை இல்லாதவர்கள் தேவாலயத்துக்கு அப்பால் காரை விட்டுவிட்டு, கால் மணி நேரம் ஏற்றத்தில் நடந்து வரவேண்டும். அது நல்ல கால்கள் உடையவர்களின் கணக்கு.

முதல் அட்டை இலகுவாகக் கிடைத்தது. கிராம உத்தியோகத்தரின் கடிதம், மருத்துவச் சான்று, இரண்டு நிழற்படங்கள் ஆகியவற்றோடு காரியம் முடிந்தது. இரண்டு ஆண்டு கழித்து அதைப் புதுப்பிக்கப் போனபோது, மருத்துவ அதிகாரி நேரில் பார்க்கவேண்டும் என்றார்கள்.

கடிதத்தில் குறித்த நாளில் போய் அமர்ந்திருந்தேன். காலை மடக்கினால் வளையங்கள் ஓசையிடும் என்பதால் அதைப் பூட்டியபடியே முன்னால் நீட்டி வைத்திருந்தேன். மருத்துவர் உள்ளே வந்தார். என் வயதை ஒத்த சிங்களப் பெண்மணி. அறையில் இருந்த எல்லோரும் எழுந்தார்கள். நானும் மேசையில் கையை ஊன்றி எழுந்தேன். படித்த பாடசாலையில் யார் வகுப்புக்குள் நுழைந்தாலும் எழுந்தவள் நான். நீ எழாமல் இருக்கலாம் என்று சலுகை தந்த ஆசிரியையிடம், வேண்டாம் என்று சொல்லி எழுந்தவள். மருத்துவர் என்னை ஒருமுறை பார்த்தார். கோப்பில் ஏதோ எழுதினார். நான் அமர்வதற்குள் அடுத்தவரின் பெயரை அழைத்துவிட்டார்கள்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் உதவியின்றி எழுந்து நிற்கக் கூடியவர். ஆகவே அனுமதி புதுப்பிக்கப்படவில்லை.

கடிதத்தோடு அலுவலகத்துக்குப் போனேன். எழுதுநர் அதை வாசித்துவிட்டுக் கைகளை விரித்தார்.

“டொக்டர் எழுதிட்டாங்க மிஸ். நான் என்ன செய்ய? நீங்க ஏன் எழும்புனீங்க?”

“எல்லாரும் எழும்பினவை.”

“அவங்களுக்கெல்லாம் கெடச்சிருச்சு மிஸ். அப்பீல் போடுங்க.”

மேன்முறையீட்டுக்கு ஐந்து கிழமை சென்றது. அந்த ஐந்து கிழமையும் தேவாலயத்துக்கு அப்பால் இருந்து நடந்தேன். கலிப்பரின் தோற்பட்டி தொடையில் உராய்ந்து புண்ணானது. ஒன்பது மணி வேலைக்குப் பத்து மணிக்கு வியர்வையோடு போய்ச் சேர்ந்தேன். நான்காவது கிழமையில் அச்சக உரிமையாளர் என் மேசைக்கு வந்தார். நல்ல மனிதர், கடுஞ்சொல் பேசி நான் கேட்டதில்லை.

“கொஞ்ச நாள் ஓய்வா இருங்களேம்மா” என்றார். “ஒடம்பு முக்கியம்ல?”

நாற்பது வயதைக் கடந்த பெண்ணுக்குத் தரப்படும் ஓய்வு எத்தனை நாள் நீளும் என்பது எனக்குத் தெரியும். “அப்பீல் முடியட்டும் ஐயா” என்றேன்.

வீட்டில் என் கணவர் ஒத்திகை தொடங்கினார். நான் சாப்பாட்டு மேசையில் அமர்ந்திருக்கவேண்டும், அவர் மருத்துவராக வாசலால் உள்ளே வருவார், நான் எழக்கூடாது. முதல் முறை எழுந்துவிட்டேன்.

“இஞ்சாரும், நான் உம்முடைய புருஷன். எனக்கு ஒருநாளும் எழும்பாதனீர், இப்ப ஏன் எழும்புறீர்?”

“நீங்கள் டொக்டர் மாதிரி நல்லா நடிக்கிறியள்.”

இரண்டாம் முறை அவர் கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு, இருமியபடி வந்தார். அதற்கும் எழுந்தேன்.

“கதிரையோட சேர்த்துக் கட்டிவிடட்டோ?”

“கட்டினால் கதிரையோட எழும்புவன்.”

சிரித்தோம். ஆனால் அன்று முழுவதும் ஒரு கேள்வி என்னைவிட்டு அகலவில்லை. அறையில் எல்லோரும் நிற்கும்போது நான் மட்டும் அமர்ந்திருந்து, இயலாமையை நடித்துக் காட்டித்தான் அட்டை வாங்கவேண்டுமா? மறுநாட் காலை, சப்பாத்தின் வார்களை இறுக்கிக்கொண்டே கணவரிடம் சொன்னேன்.

“நான் எழும்பத்தான் போறன்.”

“உமக்கென்ன விசரோ?”

“எழும்பினதை அவ பார்த்தவ. கதிரையில இருக்கிறதை இன்னும் பார்க்கேல்லை.”

மேன்முறையீட்டுக்குக் கணவரும் கூட வந்தார். அதே அறை, அதே மருத்துவர். அவர் நுழைந்ததும் எல்லோரும் எழுந்தோம். என்னை நினைவுகூர்ந்தவர்போல் ஒருகணம் நின்று, “வாடிவென்ன மிஸ்” என்று கையால் இருக்கையைக் காட்டினார். எனக்குக் கிடைத்திருந்தது சில்லுகளில் உருளும் அலுவலக நாற்காலி.

சிங்களத்திலேயே மறுமொழி சொன்னேன். “அமர்கிறேன் டொக்டர். நான் அமர்ந்து முடியும்வரை தயவுசெய்து கோப்பைத் திறக்கவேண்டாம். என்னைப் பாருங்கள்.”

அவர் கோப்பைத் திறக்கவில்லை. என் கணவர் நாற்காலியைப் பிடிக்க எட்டினார், “தொடாதேங்கோ” என்றேன். மேசை விளிம்பில் இடுப்பைச் சாய்த்தேன். குனிந்து வெளிப்புற வளையத்தை உயர்த்தினேன், அது வந்தது. உட்புற வளையம் வரவில்லை. உடலின் பாரம் காலில் இருக்கும்வரை அது வராது. வலது காலுக்குப் பாரத்தை மாற்றினேன், நாற்காலி பின்னால் நழுவியது, எட்டிப் பிடித்தேன். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். நெற்றியிலிருந்து வியர்வை மேசைமேல் சொட்டியது. இரண்டாவது வளையம் டக்கென்று மேலேறியதும் முழங்கால் ஒரேயடியாக மடிய, நான் நாற்காலியில் விழுந்தேன். அதோடு சேர்ந்து சுவர்வரை உருண்டேன்.

நிமிர்ந்து பார்த்தேன். மருத்துவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவர் நின்றதால் எழுதுநர் அமரவில்லை. காத்திருந்த மற்றவர்களும் அமரவில்லை. அந்த அறையில் அமர்ந்திருந்தவள் நான் ஒருத்தியே.

“ஒவ்வொரு முறையும் இப்படியா?” என்று கேட்டார்.

“ஒவ்வொரு முறையும்.”

“பிறகு அன்றைக்கு ஏன் எழுந்தீர்கள்?”

“நீங்கள் உள்ளே வந்தீர்கள்.”

அவர் அமர்ந்தார். கோப்பைத் திறந்து, முன்பு எழுதியதைக் குறுக்கே வெட்டிக் கையொப்பமிட்டார். கீழே நீளமாக எழுதினார். எழுதுநர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, என்னிடம் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினார். இரண்டு ஆண்டு கேட்டவளுக்கு ஐந்து ஆண்டு.

அடுத்த நாள் அச்சக வாசலில், என் இடத்தில் ஓர் ஓட்டோ நின்றது. அட்டையைக் கண்ணாடியில் வைத்து ஹோர்னை அழுத்தினேன்.

“ரெண்டு நிமிஷம் அக்கா, டீ ஒண்ணு குடிச்சிட்டு எடுக்கிறேன்” என்றார் ஓட்டோக்காரர்.

“தம்பி, இந்த இடத்துக்காக நான் ஐஞ்சு கிழமை நடந்தனான். தேத்தண்ணியைத் தேவாலயத்தடியில போய்க் குடியும்.”

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடியே ஓட்டோவை எடுத்தார்.

கதவை முழுவதும் திறந்தேன். வளையங்கள் இறங்கிப் பூட்டின. இருபத்தொரு அடி நடந்து என் மேசைக்குப் போனபோது மணி ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. உரிமையாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கோயில் திருவிழா மலர் ஒன்றின் மெய்ப்புக் கட்டோடு அருகில் வந்தார்.

“அந்த ஓய்வு விஷயமா சொன்னேனேம்மா…” என்று தயங்கினார்.

கட்டை வாங்கி முதற் பக்கத்தைப் பிரித்தேன்.

“அதை ஐஞ்சு வருஷம் கழிச்சுக் கதைப்பம் ஐயா.”