பட்டினிக் குடுவை

அலட்சியத்தால் வேலையைத் தொலைத்தாளாம் கிருமியக்கா! மாடிப்படியில் நின்று தையற்காரி சொல்கிறாள். தலையாட்ட நாலு பேர். கதவுப் பிடியைத் தொடுமுன் ஒரு தடவை, தொட்டபின் ஒரு தடவை கை கழுவுகிறவளா அலட்சியக்காரி? எங்கள் மாடி அறையில் குடியிருந்தவள் அவள். அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவியவள் நான். என்னைக் கேட்கட்டும்.

காலையில் வந்ததும் வெள்ளை அங்கியை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு பொத்தானைத் தேடுவாள். அப்புறம் கிருமி வளர்க்கும் சூட்டு அலமாரியைத் திறந்து, "என்னடா, உயிரோட இருக்கீங்களா?" என்பாள். கண்ணுக்குத் தெரியாத கோடிக் கிருமிகளுக்கும் சேர்த்து அந்த ஒரு 'டா'தான்.

அலமாரிக்குள் அவள் காத்துவந்த ஒரு கண்ணாடிக் குடுவையில் இருந்தது மங்கலான தண்ணீர், அவ்வளவுதான். முதல் நாள் ஊற்றிய சாறுதான் சாப்பாடு. ஆறு வருடமாக அதற்குமேல் ஒன்றும் கிடையாது. வாரம் ஒருமுறை ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் தடவி, மறுநாள் முளைத்த கிருமிப் புள்ளிகளை எண்ணுவாள்.

"பட்டினி போட்டு என்னத்தடி கண்டே? பாவமில்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"செத்ததுங்களத் தின்னு பொழைக்குதுங்க பெரிம்மா. பெருகறப்ப உடம்புக்குள்ள எழுதியிருக்கற மரபுக் குறிப்ப ஒவ்வொண்ணும் படியெடுக்கும். அப்ப ஒரு எழுத்து தப்பாயிடும். அனேகமா அதுவே எமன். லட்சத்துல ஒண்ணுக்கு மட்டும் அந்தத் தப்புதான் சோறு. அப்புறம் பாத்தா குடுவை பூரா அதோட வம்சம்!"

எழுத்தே தெரியாத எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போனது.

பாட்டில் கழுவும் அறையில்தான் எங்களுக்கு டீ. என் சர்க்கரை டப்பாவை நீட்டினால் தள்ளிவிடுவாள். "அவங்க பட்டினி, எனக்கு மட்டும் இனிப்பா? ஆராய்ச்சி முடியட்டும் பெரிம்மா." கிறுக்குதான். கசப்பு டீயை உறிஞ்சிக்கொண்டே அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒருமுறை இரண்டு நாள் லீவில் போனாள். அலமாரியின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். குடுவையையும் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. பஞ்சு மூடியை எடுத்து ஒரு கரண்டி சர்க்கரையைப் போட்டுவிட்டேன்.

அவள் திரும்பிய காலை, குடுவை மாவு கரைத்தது போல் வெளுத்துக் கிடந்தது. தின்று பெருகிவிட்டன. பஞ்சில் ஒட்டியிருந்த சர்க்கரையை விரலால் தொட்டுப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவில்லை. பெரிய அதிகாரி கத்தினார்: "ஆறு வருஷ வேலை! யார் கை வெச்சது?"

"நான்தான் சார். லீவுக்குப் போற அவசரத்துல, வேற குடுவைனு நெனச்சு ஊட்டிட்டேன்" என்றாள் கிருமியக்கா.

என் கையில் பிரஷ் இருந்தது, வாயில் நாக்கு இருந்தது, இரண்டும் அசையவில்லை. பசித்த உயிருக்குப் போட்டது தப்பு என்று இன்றைக்கும் ஒப்ப மாட்டேன். வாயைத் திறக்காததுதான் தப்பு. நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிய இதைத் தையற்காரிக்கும் படித்துக் காட்டுங்கள்.

அன்று மாலையே வேலை போயிற்று. அங்கியைக் கழற்றி, சரியான பக்கம் திருப்பி, மடித்து வைத்தாள். கழுவும் அறைக்கு வந்து டீ ஊற்றிக்கொண்டாள். சர்க்கரை டப்பாவைத் தானே திறந்து, கரண்டியை என் கையில் கொடுத்தாள்.

"நீங்களே போடுங்க பெரிம்மா. உங்க கை தாராளம்."

இரண்டு கரண்டி போட்டேன். கலக்காமலே குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாசல் இறங்கிப் போனாள்.