இரண்டாவது பள்ளம்

என் மனைவியின் தங்கைக்கு நான் வைத்த பெயர் கிரகம். மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தால் மதியம்வரை அசைய மாட்டாள். பக்கத்தில் துவைத்த துணி மலைபோல் குவிந்து கிடக்கும். "இதோ மடிச்சிடறேன் அக்கா" என்பாள். மடிப்பது நான்தான்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கும் வேலை. பதினெட்டு வருடமாக வாரத்தில் ஆறு நாள் மனிதர்களின் இதயக் கோடு. ஏழாவது நாள் நட்சத்திரங்களின் கோடு. விண்வெளித் தொலைநோக்கி அளந்த வெளிச்சத்தைக் கோடாகப் போட்டு, ஆராய்ச்சிக்காரர்கள் பொதுமக்களிடமே பார்க்கக் கொடுக்கிறார்களாம். எங்கோ இருக்கும் நட்சத்திரத்துக்குக் குறுக்கே அதன் கிரகம் போனால் வெளிச்சம் கொஞ்சம் குறையும், கோட்டில் ஒரு பள்ளம் விழும்.

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"நம்ம வியாழன் சூரியனுக்குக் குறுக்கே போனா நூத்துல ஒரு பங்கு குறையும் அத்தான். பூமின்னா பத்தாயிரத்துல ஒரு பங்குகூட இல்ல."

"கண்டுபிடிச்சு? வாடகைக்கு விடப் போறியா?"

ஒருமுறை உண்மையாகவே கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தாள். ஒரே அளவில் இரண்டு பள்ளம். அவசரப்பட்டு ஆராய்ச்சிக்காரர்களுக்கு எழுதிவிட்டு, ஆஸ்பத்திரி முழுக்க மிட்டாய் கொடுத்தாள். பத்து நாளில் பதில் வந்தது. அது கிரகமே இல்லை, ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள், ஒன்று மற்றதை மறைத்திருக்கிறது. நான் விடுவேனா? "புருஷன் பொண்டாட்டியைப் போயி கிரகம்னு சொல்லிட்டியே!" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். டாக்டர்கள்கூட அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் முகம் வாடியது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன், அது என் புத்தி.

அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். ஒரு பள்ளம் விழுந்தால் குறித்து வைப்பது. இரண்டாவது விழுந்தால் வாயைத் திறக்காமல் இருப்பது. மூன்றாவதும் அதே இடைவெளியில் விழுந்தால்தான் பேச்சு. சில கோடுகளுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தாள்.

நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் ஆஸ்பத்திரியிலேயே மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் படுத்துக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். காலையிலிருந்தே தாடை வலித்தது. பல்வலி என்று நினைத்தேன். தாடையைத் தேய்த்துக்கொண்டே வராந்தாவில் போனவனை அவள் பார்த்துவிட்டாள். "தாடைவலி நெஞ்சுலேருந்தும் வரும் அத்தான்" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய்த் திரைக்குப் பின்னால் படுக்கவைத்து, சில்லென்ற பசையைத் தடவி, கம்பிகளை ஒட்டினாள்.

கோடு சரியாகவே இருந்தது. டாக்டரும் பார்த்துவிட்டு, பல் டாக்டரிடம் போகச் சொல்லிவிட்டார். நான் சட்டையைத் தேடினேன்.

"பத்து நிமிஷம் படுங்க."

"அங்க மருந்தெல்லாம் சூடாகுது."

"ஆகட்டும். படுங்க அத்தான்."

பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்தாள். காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கோடு ஓரிடத்தில் கடுகளவு கீழே இறங்கியிருந்தது. எனக்குக் காட்டினால்கூடத் தெரிந்திருக்காது. அடுத்த நொடி செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். நோயாளிகள் வரிசையைத் தாண்டி பக்கத்து டாக்டர் அறைக்குள் நுழைந்தாள். அவர் எரிந்து விழுந்தது எனக்குக் கேட்டது.

"இது ரொம்பச் சின்னதும்மா. இங்கயும் கிரகம் தேடறீங்களா?"

"சின்னதுதான் டாக்டர். ஆனா பத்து நிமிஷத்துக்கு முன்னாடி இது இல்ல."

அவர் எழுந்து வந்தார். மூன்றாவது ஈசிஜி எடுக்கும்போது எனக்கு வியர்த்துக் கொட்டியது. இம்முறை பள்ளத்தை நானே பார்த்தேன். அரைமணி நேரத்தில் இதயக்குழாய் அடைப்பை எடுத்துவிட்டார்கள். அடுத்த தெருவில் இருக்கும் பல் டாக்டரின் வாசலில் காத்திருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். என் மனைவி தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டே கேட்டேன்.

"மூணாவது பள்ளத்துக்குக் காத்திருக்கறதுதானே உன் சட்டம்? தப்பா இருந்திருந்தா ஆஸ்பத்திரியே மறுபடி சிரிச்சிருக்குமே."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதைத்தான் நினைச்சேன். தப்பா இருந்தா நீங்க ஆயுசு முழுக்கக் கிண்டல் பண்ணுவீங்கன்னு. சரி, கிண்டல் பண்ண ஆள் இருந்தாப் போதும்னுதான் ஓடினேன்."

அதனால் நான் கிண்டலை விடவில்லை. இன்று காலையும் ஒரு நட்சத்திரத்தில் இரண்டாவது பள்ளம் விழுந்திருக்கிறது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். "அடியே கிரகம், இதுவும் புருஷன் பொண்டாட்டியா?" என்று கேட்டேன். சிரித்தாள். துணியை நானே மடித்தேன்.