அடுப்புக்கு மேலே ஒரு தாள்

இறந்தவர்களின் முகத்தை வரைந்து கொடுப்பது என் தொழில். சரியாக வந்திருக்கிறதா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் மட்டும் பார்க்க வருவதில்லை. பென்சில் பிடித்துப் பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அட்டையில் போட்டிருந்தது

பதுளை பஜாரில் நான் தாள் வாங்கும் கடையின் முதலாளி நானா, தடித்த வரைபுத்தகம் ஒன்றை நீட்டினார். பென்சில், நீர்வண்ணம், மை, பேஸ்டல், எதைப் போட்டாலும் தாங்கும் என்று அட்டையில் இருந்தது. இப்படிப்பட்ட அட்டைகளை நம்பி நீங்களும் ஏமாந்திருப்பீர்கள்.

"சாம்பிள் மாஸ்டர். நல்லமெண்டா செல்லுங்க, ஒரு பெட்டி எடுக்கிறேன். கூடாதெண்டாலும் செல்லுங்க, ஆனா கடையில ஆள் ஈக்கிற நேரம் வாணாம்."

கோட்டு

அந்த வாரமே நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து செல்வமேரி வந்தார். கொழுந்து எடுப்பவர். கணவரின் முதலாம் ஆண்டுப் பூசைக்குப் படம் வேண்டும். கையில் இருந்தது அடையாள அட்டைப் படம், நகம் அளவு. வேறு படமே கிடையாது. முன்பு மாமனாருக்கு யாரோ வரைந்த படம் லயத்து வரிசைவீட்டின் புகையிலும் ஈரத்திலும் ஒரே மழைக்காலத்தில் முகமில்லாமல் போய்விட்டதாம். இதுவும் அப்படிப் போகக் கூடாது என்றார்.

கோட்டுப் போட்டு வரையச் சொன்னார். உயிரோடு இருந்தபோது போட்டிருக்கிறாரா என்று கேட்டேன்.

"மலைக்கு வேலைக்குப் போறப்ப எதுக்குங்கய்யா கோட்டு? இப்ப போயிருக்கிற எடத்துக்கு வேணுமில்ல?"

சோதனை

புதுத் தாளை நான் சோதிக்கும் முறை ஒன்றுதான். ஒவ்வொரு சாமானிலும் ஒரு பட்டை தீட்டி, அடுப்புக்கு மேலே இரண்டு வாரம் கட்டி வைப்பேன். என் படங்கள் தொங்குவது லயங்களில். அங்கே தாங்கினால்தான் தாங்கியது. மனைவி இருந்தவரை எங்கள் விறகடுப்பு இதற்கு உதவியது. "இது சோறாக்குற எடமா, ஒங்க ஆபீஸா?" என்பாள். இப்போது காஸ் அடுப்பு. ஒருவருக்கு அது போதும், புகைதான் வராது.

அதனால் தாளைச் செல்வமேரியிடமே கொடுத்து, அவர் அடுப்புக்கு மேலே கட்டச் சொன்னேன். நீர்வண்ணம், மார்க்கர், பேஸ்டல், கரி, இந்தியன் மை என்று ஐந்து பட்டைகள். ஓரத்தில் பென்சிலால் அவர் கணவரின் கண்களை மட்டும் போட்டுப் பார்த்திருந்தேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாமியா கேட்டா என்னான்னுங்கய்யா சொல்றது? மகன் பாதி வந்துட்டாருன்னா?"

மெழுகுவர்த்தி

மாமியார் கேட்கவே இல்லை. கண்ணைப் பார்த்ததும் மகன் என்று தெரிந்துகொண்டு, தாளுக்கு முன்னால் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து செல்வமேரி கொண்டுவந்த தாளில் நீர்வண்ணம் ஈரத்தில் பூத்துப்போயிருந்தது. மார்க்கர் பின்பக்கம் வரை ஊறியிருந்தது. கரியில் யாரோ கை வைத்திருந்தார்கள். பேஸ்டலின் மேல் மெழுகு. அந்தச் சோதனை எனக்குத் தோன்றியதே இல்லை. மையும் பென்சிலும் அசையவில்லை.

"கலரு எல்லாம் எங்கிட்டோ போயிருச்சுங்க. அந்தாளு மட்டும் பாத்துக்கிட்டே இருக்காரு."

நானாவின் கணக்கு

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய், இரண்டு தாங்கும், நான்கு தாங்காது என்றேன். நானா அட்டையைத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டு உண்மையா? அப்ப மத்தக் கொம்பனிய விட நல்லம், மாஸ்டர். எடுக்கிறேன்."

படம்

முகத்தைப் பென்சிலிலும் கோட்டை மையிலும் முடித்துக் கொடுத்தேன். செல்வமேரி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு படத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, சோதனைத் தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அது இல்லாமல் வீட்டுக்கு வரக் கூடாது என்று மாமியார் சொல்லியனுப்பினாராம். வாசலில் திரும்பினார்.

"அடுத்த தாளு வந்தா குடுத்துவிடுங்கய்யா. எங்க அடுப்புல பொகைக்கு என்னா கொறச்சல்?"

இத்தனை வருடத் தொழிலில் நான் கண்டது, நல்ல தாளைக் கடையில் வாங்கிவிடலாம், அதை நம்புவதற்கு இன்னொருவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டியிருக்கிறது.