பாதி உடம்பு வரைந்தால் போதும்

தையல் வகுப்பில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மனிதர்கள் கண்ணில் படுவது நின்றுவிடும். பதினாலரை தோள், முப்பத்தாறு சுற்றளவு என்று அளவுகள்தான் தெருவில் நடந்து போகும். பிளஸ் ஒன்னில் ஆடை வடிவமைப்பு எடுத்துவிட்டு, பார்க்கிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக் களைத்த சகோதரிகளுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்த கதை

பத்தாம் வகுப்பில் எனக்கு நல்ல மார்க். தென்காசியில் கேட்ட குரூப் கிடைத்திருக்கும். ஆனால் அந்தக் கோடை விடுமுறையில்தான் அம்மாவுக்குத் திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து இடது மார்பை எடுத்திருந்தார்கள். பழைய ஜாக்கெட் ஒன்றும் பொருந்தவில்லை. டெய்லர் கடைக்குப் போய் ஓர் ஆணிடம் அளவு கொடுக்க அம்மாவுக்கு மனமில்லை. எந்நேரமும் நைட்டி, மேலே ஒரு துண்டு. வாசலைத் தாண்டுவதே இல்லை.

அம்மாவைச் சேலை கட்ட வைத்து வெளியே கூட்டிப் போக வேண்டும். அதற்காகவே தையல் குரூப்பில் பெயர் கொடுத்தேன்; காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. கேள்விப்பட்டு இலஞ்சியிலிருந்து வந்த பெரிய மாமா அம்மாவிடம் கத்தினார்: “நல்லா படிக்குத பிள்ளய மிசின் மிதிக்க விட்டிருக்கியே, ஏளா, ஒனக்குக் கூறு இருக்கா?”

முதல் பாடம்

தாளில் பாதி உடம்பை மட்டும் வரைந்து வெட்ட வேண்டும். துணியை இரண்டாக மடித்து, தாளை மேலே வைத்துக் கத்தரி போட்டால் இரண்டு பக்கமும் ஒரே வெட்டில் தயார். இது தெரியாமல் நான் முழு உடம்பையும் வரைந்து வைக்க, வகுப்பே சிரித்தது. டீச்சர் என் தாளைத் தூக்கிக் காட்டினார்: “ஏட்டி, சாமி ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான படைச்சிருக்காரு? பாதி வரைஞ்சாப் போதும்.”

அளவு எடுத்த நாள்

ஆவணியில் மாமா மகளுக்குக் கல்யாணம். வருகிறாயா என்று கேட்டால் அம்மா “பாப்பம்” என்பதோடு நிறுத்திக்கொள்வாள். சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா புளியங்குடி எலுமிச்சை மண்டிக்குப் போனபிறகு, கதவைச் சாத்திவிட்டு அவளை நிற்க வைத்தேன்.

தோள், கை, கழுத்து எல்லாம் எழுதியாயிற்று. டேப்பை நெஞ்சுக்குக் கொண்டுபோனதும் அம்மா காலண்டர் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். தழும்பை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அம்மா மெதுவாகக் கேட்டாள்: “இந்தப் பக்கத்துக்கும் அளவு எழுதணுமாட்டி?”

மடித்த துணி

எழுதினேன். வலது, இடது என்று தனித்தனியாகவே எழுதினேன். என்ன பயன்? மறுநாள் வகுப்பில் துணியை விரித்ததும், பழகிய கை தானாக அதை இரண்டாக மடித்தது. வலது பக்கத்து அளவில் ஒரே வெட்டு. நெஞ்சுக்கு டாட் மடிப்புப் பிடித்து, கை ஏற்றி, கொக்கி வைத்து முடித்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை. ஃபினிஷிங் பிரமாதம் என்று டீச்சர் வேறு எல்லோருக்கும் காட்டினார்.

வீட்டில் அம்மா போட்டுக்கொண்டு திரும்பினாள். இடது பக்கம் துணி காலியாகத் தொங்கியது. அவளுக்காகவே படிக்கப் போய், அவளையே மறந்து வெட்டியிருக்கிறேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா துண்டை இழுத்து மூடிக்கொண்டு என்னைத் தேற்றினாள்: “நீ தச்சதுல ஒரு கொறையும் இல்லட்டி. ஒடம்புதான் பத்தல.”

கல்யாண வீடு

அடுத்ததை மடிக்காமல் வெட்டினேன். வலதுக்கு ஒரு தாள், இடதுக்கு ஒரு தாள். இடது பக்கம் உள்ளே சின்னதாக ஒரு பை வைத்துப் பஞ்சு அடைத்தேன். டீச்சரிடம் சந்தேகம் கேட்டால், என் நோட்டை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தனக்கும் இது தெரியாது என்றார். நான்கு தடவை பிரித்துத் தைத்தேன்.

கல்யாணத்தன்று அம்மா அரக்கு நிறச் சேலை கட்டி, என்னோடு பஸ் ஏறி இலஞ்சிக்கு வந்தாள். மண்டபத்தில் துண்டு இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினாள். மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்: “ஏளா, ஜாக்கெட்டு எந்தக் கடையில தச்ச? ஒங்க மதினி கேக்கா.”

செய்முறைத் தேர்வு

பிளஸ் டூ தொடங்கியபோது நோய் முதுகெலும்புக்கு வந்துவிட்டது. கார்த்திகையில் அம்மா போய்விட்டாள்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த அதிகாரி என் ரெக்கார்டைப் புரட்டினார். அந்த ஜாக்கெட்டைப் போலவே சிறியதாக ஒன்று தைத்து அதில் ஒட்டியிருந்தேன். அவர் ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் அளந்தார். சந்தேகப்பட்டு மறுபடியும் அளந்தார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி கோபப்படவில்லை, தன்மையாகத்தான் கேட்டார்: “இப்படி ஒரு அளவு இருக்காதேம்மா, ஆளக் கூட்டிட்டு வந்து காட்ட முடியுமா?”

இரண்டு வருஷப் படிப்பில் நான் உருப்படியாக வெட்டக் கற்றுக்கொண்டது ஒரே ஓர் அளவு. அந்த அளவில் இனி யாருக்கும் தைக்க வேண்டியதில்லை.