டிவி துப்பாக்கி பொருத்த வந்தவர்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள்.

பிள்ளைகள் சிறுசுகளாக, டத்தோ கிராமாட் பகுதியில் நாங்கள் குடியிருந்தபோது, டிவியில் பறவை சுடும் விளையாட்டுத் துப்பாக்கியைப் பொருத்த ஒருவர் வந்தார். புதிதாகக் கடை போட்டவர், ஒல்லியானவர். ஒவ்வொரு முறை சுடுமுன்னும் சட்டை நுனியால் டிவி கண்ணாடியைத் துடைப்பார். சரியாக வந்தால் தாங்களும் வாங்கலாமென்று அக்கம்பக்கத்தார் கூடி நின்றார்கள்.

குறி தப்பி மேலே சுட்டாலும் பறவை விழுந்தது. டிவி வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார், ஜன்னலைச் சாத்தினார். மத்தியானமே ஆகிவிட்டது.

“விக்கத் தெரியுது, பொருத்தத் தெரியலையா தம்பி?” என்றேன்.

“கொஞ்சம் பொறுங்கக்கா, வந்துரும் லா.”

டிவிக்கு மேலே சாமி படத்துக்குச் சிவப்பு பல்பு எரியும். அதை நாங்கள் அணைப்பதில்லை. அவர் அதையே நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார்.

“சாமியா வந்து சுடும்? நீதான் சுடணும்!” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

“என் கைதான் சரியில்லக்கா,” என்று சொல்லி, துப்பாக்கியை எங்களிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். அக்கம்பக்கத்தில் யாரும் வாங்கவில்லை.

மறுவாரம் பல்பு தானாகவே பியூஸ் ஆனது. அன்றைக்குத் துப்பாக்கி சரியாகச் சுட்டது. எந்த வெளிச்சத்தைக் கண்டாலும், பல்பாக இருந்தாலும், பறவை என்றே அந்தத் துப்பாக்கி எடுத்துக்கொள்ளுமாம்; பிள்ளைகள் சொன்னார்கள். அவருக்கு அது தெரிந்துதானே இருக்கும்? சாமி விளக்கை அணைக்கச் சொல்ல மனம் வரவில்லையா, என் வாய்க்குப் பயந்தாரா?

பேத்தி, இதை வாசித்துக் காட்டம்மா. நான் அவரைப் பேசியதைக் குறைத்து எழுதிவிட்டேனா என்று பார்க்கவேண்டும்.