பின்னறைக்குப் புதுத் தகரம்

எங்களுக்கு வீடு விற்றவர் எங்கள் தோட்டத்திலேயே பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அதுதான் முதல் கோணல். ஒரு கடைக்காரரிடமோ அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த யாரிடமோ வாங்கியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. வந்திருந்தாலும் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். இது இன்னும் ஆறவில்லை.

எழுபதுகளின் கடைசி. மடுல்சீமைப் பக்கத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் அப்பா ஓய்வு பெறும் நேரம். அம்மா அதற்கு முன்பே கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டார், மூச்சு இழுப்பு. நான் பசறைப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியை. தோட்டத்து ஆள்பதிவில் பேர் இல்லாவிட்டால் லயத்து வரிசை வீடுகளில் ஓர் அறைக் காம்பராவும் இல்லை, அதனால் வீடு வாங்கியே ஆக வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் காம்பராவில் அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்போரம் குந்தியிருப்பார். நெஞ்சு விசிலடிக்கும். மருந்து எவ்வளவு குடித்தாலும் ஈரத்தில் படுத்தால் பிரயோசனமில்லை என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். முன் வராந்தாவும் வாழைமரமும் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அம்மா நனையாமல் படுக்க ஓர் அறை வேண்டும், அவ்வளவுதான்.

கிளாக்கரின் வீடு பதுளைக்கு வெளியே, பசறை வீதியோரச் சரிவில் இருந்தது. அவர் கொழும்பில் மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லி விற்கிறார். முன்னறைகளில் ரோட்டுத் தூசி அப்பும், இழுப்புக்காரிக்கு அது ஆகாது. சமையலறையை ஒட்டிய பின்னறைதான் அம்மாவுக்கு என்று முடிவு செய்தோம்.

முற்பணம் கொடுக்கும் முன் வீட்டை ஒருவரிடம் காட்ட வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். எங்கள் பாடசாலைச் சுவரைக் கட்டிய சிங்கள மேசன் பாஸை அழைத்துப் போனேன். அவர் பின்னறைக்குள் போய்க் கதவையும் ஜன்னலையும் சாத்தினார். தகரத்தில் அங்கங்கே பகல் வெளிச்சம் தெரிந்தது. திருப்புளியை எடுத்துக் கூரைச் சட்டத்தில் குத்தினார், பிடி வரை இறங்கிவிட்டது. பின்சுவருக்கு வெள்ளையடித்து நாலு நாள்கூட ஆகியிருக்காது. அங்கே நின்ற அலுமாரியை நகர்த்தினால் அதற்குப் பின்னால் மட்டும் வெள்ளை இல்லை, சுவர் கறுத்துக் கசிந்து கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் மண் மேடு. அதிலிருந்து வழியும் தண்ணீர் ஓட ஒரு கான் கூட வெட்டவில்லை.

இதையெல்லாம் பாஸ் சிங்களத்தில் சொல்ல, நான் ஒவ்வொன்றாக அப்பாவுக்குச் சொன்னேன். கிளாக்கர் வாசலில் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, கிளாக்கருக்கு நன்றாகக் கேட்கும்படி, "லயத்தப் பாக்க இது எவ்வளவோ மேலுங்க" என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வாங்க வந்தவர் விற்பவருக்காகப் பேசுகிறார்!

பேச்சுவார்த்தை முன் வராந்தாவில் நடந்தது. எனக்கு ஒரு நாற்காலி வந்தது. டீச்சர் அல்லவா. அப்பாவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டார். செருப்பைக் கேட்டடியில் கழற்றிவிட்டு, படிக்குக் கீழே, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"என்னப்பா, ஒனக்குமா கொறை?" என்றார் கிளாக்கர்.

"கொறையெல்லாம் இல்லீங்க ஐயா. ஐயா பாத்துச் செஞ்சாச் சரிங்க."

"பாத்துச் செய்றதில்ல" என்று நான் குறுக்கே விழுந்தேன். "பின்னறைக்குப் புதுத் தகரம், புதுச் சட்டம். பின்னுக்குக் கான். இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதுறது."

கிளாக்கர் சிரித்தார். "டீச்சர், நீங்க சின்னப் புள்ள. ஒங்க அப்பாவுக்கு நான் எத்தனை தடவ கூரை போட்டுக் குடுத்திருக்கேன், கேட்டுப் பாருங்க."

"ஆமாங்க, ஆமாங்க" என்றார் அப்பா.

வாய் கூசாமல் சொன்னார் அந்தக் கிளாக்கர். லயத்தில் கூரை ஒழுகினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? வேலை முடிந்து ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழே போய் நிற்க வேண்டும். உள்ளே இந்தக் கிளாக்கர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பார். நிமிரும்போது சொல்ல வேண்டும். "பாக்கலாம்" என்பார். மழைக்காலம் முடிந்த பிறகு, மனசிருந்தால் ஒரு பழைய தகரம் வரும். அதுவும் தோட்டத்துத் தகரம், அவர் வீட்டுத் தகரமில்லை. நாங்களாக ஏறி ஒரு துண்டைப் போட்டு மூடினால் அதற்கும் விசாரணை. சுவரில் ஒரு ஆணி அடிப்பதானாலும் ஆபீஸில் சொல்லிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். இந்த லட்சணத்தில் கூரை போட்டுக் கொடுத்தாராம்.

பசறை பஸ்ஸில் அப்பாவோடு சண்டை பிடித்தேன். "நம்ம காசுக்கு நாம வாங்குறோம். அவர் என்னத்துக்கு நமக்கு ஐயா?" என்று கேட்டேன். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவா பேசும்மா" என்றார் அப்பா. "அவங்க மனசு நோகக் கூடாது. நொந்துட்டா செய்ய மாட்டாங்க. காசு குடுத்தாலும் கேக்குற மாதிரிதான் கேக்கணும்."

அந்த ஜன்னலுக்குக் கீழே நின்று ஆயுள் முழுக்கப் படித்த பாடம் அது. அதை நினைத்ததும் கிளாக்கர் மீதிருந்த ஆத்திரம் இன்னும் இரண்டு மடங்கானது. அப்பா மீதும் ஆத்திரம். ஒரு தரம், ஒரே ஒரு தரம் நிமிர்ந்து கேட்டால் என்ன என்று வீடு வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

அன்று "பாக்கலாம்" என்று எங்களை அனுப்பிய கிளாக்கர், பிறகு வேலை முடிந்துவிட்டதாக ஆள் அனுப்பினார். மறுபடி மூன்று பேருமாகப் போனோம். கான் வெட்டியிருந்தார், அதை ஒப்புக்கொள்கிறேன். கூரைக்கு வந்தால் அதே பழைய தகரம். ஓட்டைகளில் சாக்குத் துண்டை வைத்துத் தார் பூசியிருந்தார். சட்டத்துக்கும் ஒரு பூச்சு. உள்ளே இருட்டாக, பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "செஞ்சுட்டாங்கம்மா" என்றார்.

நான் பாஸைப் பார்த்தேன். அவர் ஏணியைச் சாத்தி, இரண்டு வாளித் தண்ணீரோடு ஏறினார். மேலே ஊற்றும் சத்தம் கேட்டது. அம்மாவின் கட்டிலைப் போட நினைத்திருந்த மூலையில் முதல் சொட்டு விழுந்தது. பிறகு வரிசையாக விழத் தொடங்கியது. சிவப்புச் சீமெந்துத் தரையில் தார் கலந்த தண்ணீர் பரவியது.

"மிதிச்சு ஓட்டையாக்கிட்டான் அவன்!" என்று கத்தினார் கிளாக்கர். "நல்லா இருந்த கூரை!"

அந்த நேரத்தில் அப்பா செய்ததை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தோளில் கிடந்த துவாயை எடுத்தார். குந்தினார். கிளாக்கரின் தரையைத் துடைக்கத் தொடங்கினார்.

"எந்திரிங்கப்பா."

"ஐயா வீட்டுத் தரை ஊறிப் போயிரும்மா."

"எந்திரிங்கன்னு சொன்னேன்!" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அப்பா குந்தியபடியே என்னை அண்ணாந்து பார்த்தார். நான் கிளாக்கரிடம் திரும்பினேன். "அம்மா படுக்குற எடம் இது. தார் பூசி ஏமாத்தப் பாத்தீங்க. லயத்துல தண்ணிக்குள்ள படுக்க வச்சது போதாதா? புதுத் தகரம் ஏறினா வாறோம். இல்லாட்டி வேற ஆளத் தேடிக்குங்க."

அவருக்கும் அவசரம் இருந்தது. மகன் வரச் சொல்லிவிட்டான், வேறு ஆள் யாரும் வந்து பார்க்கவில்லை. என்னை முறைத்துவிட்டு, அப்பாவைப் பார்த்துச் சொன்னார், "ஒனக்காகச் செய்றேன்ப்பா. இந்தப் புள்ளைக்காக இல்ல."

அப்பா ஈரத் துவாயோடு கும்பிட்டார்.

புதுத் தகரம் ஏறியது, புதுச் சட்டமும் ஏறியது. இந்த முறை பாஸ் எத்தனை வாளி ஊற்றியும் சொட்டவில்லை. நொத்தாரிசிடம் உறுதி எழுதப் போன அன்று, அப்பா கிளாக்கருக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் காலைக் கட்டிய ஒரு சேவலும் கொண்டு வந்தார். தீபாவளிக்கு ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்களே, அதே மாதிரி. கிளாக்கர் எடுத்துக்கொண்டார். கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குடிவந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. பின்னறைத் தகரத்தில் சத்தம் காதை அடைத்தது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அம்மா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார். நெஞ்சில் விசில் இல்லை. நான் வாசலில் நின்று அந்த மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மழை விட்ட காலையில் முன்னறைக்கு வந்தேன். லயத்திலிருந்து கொண்டுவந்த முருகன் படத்தை மேசையில் சாத்தி வைத்துவிட்டு, கையில் ஆணியும் சுத்தியலுமாக அப்பா சுவரைப் பார்த்தபடி நின்றார். வெகு நேரமாக நிற்கிறார் என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னார்.

"ஏன்ப்பா நிக்கிறீங்க?"

அப்பா தயங்கினார். "கிளாக்கரையா கொழும்புக்குப் போயிட்டாங்களே" என்றார். "யாருகிட்டம்மா சொல்லணும்?"

"யாருகிட்டயும் சொல்ல வேணாம். இது ஒங்க செவரு. அடிங்க!"

நான் கத்தியதில் அவர் கை இன்னும் இறங்கியது. சுத்தியலை என்னிடம் நீட்டினார். "நீ அடிம்மா."

வாங்கினேன். இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து ஓங்கி அடித்தேன். ஆணி இறங்கியது, கைப்பிடியளவு சாந்து உதிர்ந்து தரையில் சிதறியது. சத்தம் வீடெல்லாம் கேட்டது.

அப்பா சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார், யாராவது வருகிறார்களா என்று.