விரலை எடுத்தால் விழித்துக்கொள்ளும் மெஷின்

தேனாம்பேட்டை அலுவலகத்தில் என் வேலை, சாஃப்ட்வேர் எழுதிக் கையடக்க பில் மெஷின்களைத் தூங்க வைப்பதும் எழுப்புவதும். "இதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று வீட்டுக்காரர் கேட்காத வாரமில்லை.

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் எங்கள் மெஷின் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்து படுத்துவிடுகிறது என்று புகார் வந்தது. எங்கள் மேஜையில் இருந்த அதே மாடல் சமர்த்தாகத் தூங்கியது. எரிச்சலோடு நேரில் போனேன்.

பட்டுப்புடவைப் பிரிவில் சூப்பர்வைசர் விற்பனைப் பெண்ணைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "இந்தம்மா மெஷினை அணைக்கிறதே இல்ல மேடம். நாளைக்கும் இப்படின்னா கர்சீப் கவுன்டர்தான்."

அந்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டு விற்றால்தான் அவருக்குக் கமிஷன்.

"ஸ்கிரீன் கருப்பாவற வரிக்கும் அமுக்கிக்கினுதான் கீறேன் மேடம். இன்னும் இன்னா பண்றது?"

"எங்கே, செஞ்சு காட்டுங்க அக்கா."

பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். திரை கறுத்தது. அதன் பிறகே விரலை எடுத்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சிஸ்டம் தூங்கப் போகும்போது பிரின்டர், டச் ஸ்கிரீன் என்று ஒவ்வொன்றிடமிருந்தும் வரும் இன்டரப்டை, அதாவது 'என்னைக் கவனி' என்ற அழைப்பை, அடைத்துவிடுவோம். பவர் பட்டனுக்கு மட்டும் விலக்கு. அதையும் அடைத்தால் எழுப்ப வழியில்லை. அந்தப் பட்டனோ அமுக்கினால் ஒருமுறை கூப்பிடும், விட்டால் இன்னொருமுறை கூப்பிடும். அலுவலகத்தில் நாங்கள் டக்கென்று தட்டிவிட்டு எடுக்கிறவர்கள். இரண்டு அழைப்பும் தூங்குமுன்பே முடிந்துவிடும். அக்காவோ தூங்கிய பிறகு விரலை எடுத்தார். மெஷின் விழித்துக்கொண்டு, கறுத்த திரைக்குப் பின்னால் பேட்டரியைத் தின்றுகொண்டிருந்தது.

"தப்பு இவங்க மேல இல்ல சார், மெஷின் மேலதான்" என்று பக்கத்து கவுன்டருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அலுவலகத்துக்கு ஓடி, விரலை எடுத்த பிறகே தூக்கம் தொடங்கும்படி சாஃப்ட்வேரை மாற்றினேன். மறுநாள் கடை திறந்ததும் அதை மெஷினில் ஏற்றினேன்.

சாயங்காலம் மறுபடி போனபோது பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது. எனக்கு வாயெல்லாம் பல். சூப்பர்வைசர் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கல்யாணக் கூட்டம் ஒன்றுக்கு அரக்குப் புடவையை விரித்துக் காட்டியபடியே அக்கா கேட்டார்: "கர்சீப் கவுன்டருக்கு எப்ப சார் போவணும்?"

"எந்த கவுன்டர்? கஸ்டமரைப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போய்விட்டார்.